முந்நூறும் தப்பு

"உங்களால அந்த மனுஷன் செத்தே போயிட்டாரு" என்றாள் மனைவி. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

செத்தவர் அவளுடைய நர்சிங் தேர்வுப் புத்தகத்தில் நூற்றுப் பதினாலாவது கேள்வியில் இருந்தார். சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை கால் நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு முதலில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மெக்கானிக் கொஞ்சமும் யோசிக்காமல் இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டார்.

"சர்க்கரை ஏற்கெனவே அதலபாதாளத்துல கிடக்கு. அதை இன்னும் இறக்குற ஊசியைப் போடுவீங்களா? ஜூஸ் கொடுக்கணுங்க" என்று அவள் பொரிந்து தள்ளினாள். மெக்கானிக் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அடுத்த அறையிலிருந்து மாமியார் வந்து காலண்டரில் இன்னொரு கோடு போட்டுவிட்டுப் போனார். அது மகன் சொன்ன தப்புகளின் கணக்கு.

நர்சிங் படித்து முடித்தும் அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் உதவியாளர்தான். உரிமத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். படிக்காமல் இல்லை. சரியான பதிலை எழுதிவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் சந்தேகம் வந்து, அதை அடித்துத் தப்பை எழுதிவிட்டு வருவாள். மூன்றாவது தடவையும் தோற்றால் அவ்வளவுதான், மறுபடி எழுத விட மாட்டார்கள். ஆயுசுக்கும் நோயாளிகளின் பெட்பேன் கழுவ வேண்டியதுதான்.

அப்போதுதான் வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்யும் கணவர் ஒரு யோசனை சொன்னார். தினமும் காலையில் நீ கேள்வியையும் நாலு பதிலையும் படி, நான் ஒன்றைச் சொல்கிறேன், தப்பென்றால் எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல் என்றார்.

எடுத்துச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூச்சுத் திணறுகிற நோயாளியை மெக்கானிக் நிமிர்த்தி உட்கார வைக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்தார். ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "வேகமா ஏத்தி முடிச்சிரு. மெஷின் ஆட்டம் போட்டாலும் நாங்க அப்படித்தான், ஓட்டி முடிச்சிட்டுத்தான் திறந்து பார்ப்போம்" என்றார்.

இந்த அழகில் புத்தகத்தைத் தினமும் கடைக்கு வேறு எடுத்துப் போனார். மதியம் ஒரு மணி நேரம் கண்ணயரும்போது தலைக்கு வைக்க வாட்டமாக இருக்கிறதாம். சாயங்காலம் அது அட்டையெல்லாம் கிரீஸ் கறையோடு திரும்பி வரும். அதற்கும் அவள் ஒரு பாட்டம் திட்டுவாள்.

முந்நூறு கேள்வி முடிந்த அன்று தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மிச்சமிருந்த கடைசிப் பாடம் முதலுதவி. அதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மாமியார் காலண்டர் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"முந்நூறும் தப்புடா. கண்ணை மூடிக்கிட்டு விரலை வெச்சிருந்தாக்கூட நாலுல ஒண்ணு சரியா வந்திருக்குமே. என் வயித்துல எப்படிடா வந்து பொறந்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மெக்கானிக் ஈ என்று இளித்தார்.

தேர்வு அறையில் வழக்கம்போல அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் வந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இதற்கு நம்ம வீட்டுக்காரர் எதைச் சொல்வார் என்று யோசித்தாள். அவர் குரல் காதில் கேட்டது, உடனே கோபமும் வந்தது. அந்தப் பதிலை ஒதுக்கித் தள்ளினாள், சந்தேகமும் கூடவே போய்விட்டது. ஒரு பதிலைக்கூட அடிக்காமல் எழுந்து வந்தாள்.

முடிவு வந்த அன்று பதற்றத்தில் அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போனில் 'தேர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியே கண் செருகிச் சரிந்தாள்.

மெக்கானிக் பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்துத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். மூக்கருகே காதை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். டூல் பாக்ஸை இழுத்து அதன்மேல் அவள் கால்களைத் தூக்கி வைத்தார், கழுத்துப் பித்தானைத் தளர்த்தினார், ஜன்னலைத் திறந்தார். மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்து வாயில் ஊற்றக் குனிந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நினைவு திரும்பாம வாயில எதுவும் ஊத்தக்கூடாதும்மா. நுரையீரலுக்குப் போயிடும்."

ஒரு நிமிஷத்தில் கண் விழித்தவள் காதில் அது விழுந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள், டூல் பாக்ஸைப் பார்த்தாள், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏங்க, இது அந்தக் கடைசிப் பாடத்துல இருக்கறது. அதை நான் உங்களுக்குப் படிச்சே காட்டலியே. எப்படித் தெரியும்?"

மெக்கானிக் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டபடி, மாட்டிக்கொண்டவர்போல அசடு வழிந்தார்.

"சரியான பதில் தெரியாம, முந்நூறையும் எப்படித் தப்பாவே சொல்ல முடியும்?"