நடுவில் நிற்பவள்

பிப்ரவரி பிறந்தாலே வெர்னெல்லுக்கு அலுப்புத் தட்டிவிடும். அமெரிக்காவில் அது கறுப்பின வரலாற்று மாதம். கவுன்ட்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தில் விழா என்றால், அந்தக் காலக் கறுப்பின ஊழியர்களின் படங்களைச் சுவரில் மாட்டுவது அவள்தான், மேடையேறிப் பேசுவதும் அவள்தான். வெண்ணெய் கேக் கூட அவள் வீட்டு அடுப்பில் வெந்ததுதான்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர் கிறிஸ்டின் ஓடி வந்தாள்.

"வெர்னெல், போட்டோ! தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும். நீங்க நடுவுல நில்லுங்க."

"போன வருஷமும் நடுவுலதானே நின்னேன்? இந்தத் தடவை ஓரமா நிக்கிறேனே."

"ஐயோ, ஓரமா நின்னா தெரிய மாட்டீங்க! கழுத்துல தொங்குற அட்டையை மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க."

பக்கத்தில் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண் மெல்லக் கேட்டாள். "மேடம், நீங்க எந்த செக்‌ஷன்?"

வெர்னெல் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்டின் முந்திக்கொண்டாள். "இவங்க இல்லாம இந்த ஆபீஸே இல்லம்மா! எல்லாரும் சிரிங்க."

வெர்னெல்லும் சிரித்து வைத்தாள்.

படங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். காவலாளி லியோன் கையை நீட்டினான். 'விருந்தினர்' அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ரிட்டையராகி மூணு வருஷமாச்சு. இன்னுமாக்கா உங்களைக் கூப்பிடுறாங்க?"

"என் நாற்காலிக்கு அந்த வெள்ளைக்காரப் பொண்ணு வந்தாச்சு, லியோன். மொத்தம் ஒன்பது பேரைப் புதுசா எடுத்துட்டாங்க, என் நிறத்துல ஒருத்தருமில்ல. போட்டோவுல நடுவுல நிக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கலையாம்."