சிரிக்கும் முகம்

வலியோடு வாழும் குழந்தைகளுக்கு மனப்பயிற்சி கொடுப்பது என் வேலை. வலியின் அளவைச் சொல்ல ஓர் அட்டை வைத்திருக்கிறேன். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஆறு முகங்கள். பிறவியிலேயே கால்கள் இறுகிப்போன ஒன்பது வயது ஜெசிந்தா மூன்று வாரமாகச் சிரிக்கும் முகத்தையே தொட்டாள். எல்லாம் என் மகிமை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இன்று அவள் அம்மா மருந்து வாங்க வெளியே போனதும் விரல் கடைசி முகத்துக்குப் போனது.

“எப்பருந்து பாப்பா?”

“எப்பவுமே இதான் சார். அம்மா முன்னாடி தொட்டா, பஸ்ல அழுதுட்டே வருவாங்க.”

கதவு திறந்தது. விரல் முதல் முகத்துக்கு ஓடிவிட்டது.

“இன்னைக்கு எப்படி சார் இருக்கா?” என்றார் அம்மா.

பதில் சொல்ல மூச்சை இழுத்தேன்; அதை விடாமல் அட்டையில் இருந்த அவள் விரலையே பார்த்தேன்.

“மூச்சை மெதுவா விடுங்க சார்” என்றாள் ஜெசிந்தா, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில்.