எல்லாரும் கேட்ட கதை

"அண்ணி, இன்னைக்கும் உங்க கதை ஓடலை. அமுக்கினா சத்தமே வரமாட்டேங்குது."

போனில் நாத்தனார் இப்படிச் சொன்னதும் அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"நீ சரியா அமுக்கினியா?"

"கண்ணுலதான் ஆபரேஷன் அண்ணி, விரல்ல இல்லை."

அம்மா போனை வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் கதையின் பெயரை அமுக்கினாள். அவள் குரல் கணீரென்று வந்தது.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று தினமும் ஒரு கதை வாசிக்கிறாள் அம்மா. மகள் அதைப் பதிவு செய்து வெப்சைட்டில் போடுகிறாள். அந்த வெப்சைட், வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு மகள் தானே செய்த முதல் வெப்சைட்.

"நல்லாத்தானே ஓடுது?" என்றாள் அம்மா.

"அத்தைக்கு வயித்தெரிச்சல்மா. வேற யாராவது குறை சொன்னாங்களா? வெளியூர்ல இருக்கிற அண்ணன் தினமும் பாராட்டுறான். மாடி வீட்டு ஆன்ட்டி கேட்டுட்டு அழுதே போயிட்டாங்களாம்."

அதுதான் அம்மாவுக்குப் புரியவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கிற கதை ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? வேண்டுமென்றே சொல்கிறாளோ? இத்தனை வருஷமும் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தாள்?

அன்று விளக்கை அணைக்குமுன் கண்ணை மூடி, "கடவுளே, அவ மனசுல இருக்கிற பொறாமையை நீதான் எடுக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாத்தனாரின் போன் வந்தால் அம்மா எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் போன் வருவதும் நின்றுவிட்டது.

நின்றதும்தான் மனசு உறுத்தியது. கண்ணில் கட்டோடு தனியாகக் கிடக்கிறவள். படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கிளம்புடி. அவ எதிர்லயே போட்டுக் காட்டிடுவோம்."

"காட்டிட்டு, நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரலாம்" என்றாள் மகள்.

நாத்தனார் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்திலேயே போன்.

மகள் தன் போனை எடுத்துக் கதையின் பெயரை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. இன்னொரு கதையை அமுக்கினாள். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

"உன் விரலுக்கும் ஒரு ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்றாள் நாத்தனார்.

மகள் போனையே உற்றுப் பார்த்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"தப்பு என்னோடதுதாம்மா. விலாசம் மாறிப்போச்சு."

"எந்த விலாசம்? கதை வெப்சைட்டுக்குள்ள தானே இருக்கு?"

"இல்லம்மா. வெப்சைட்டுக்குள்ள டேட்டாபேஸ்னு ஒரு பட்டியல்தான் இருக்கு. அதுல கதையோட பேரு இருக்கும், ஆடியோ எங்க இருக்குங்கிற விலாசம் இருக்கும், அவ்வளவுதான். அமுக்கினா அந்த விலாசத்துக்குப் போய் எடுத்துட்டு வரும். நான் நம்ம வீட்டு கம்ப்யூட்டர் விலாசத்தைக் குடுத்து வச்சிருக்கேன்."

"குடுத்தா என்ன?"

"அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து அமுக்கினா மட்டும்தான் ஓடும்."

அம்மா குழம்பிப்போய் மகளைப் பார்த்தாள்.

"அப்ப... மத்தவங்களுக்கு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "யாருக்குமே ஓடியிருக்காதும்மா. முதல் கதையில இருந்தே."

அம்மா கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

மகளின் கையிலிருந்த போன் டிங் என்றது.

"யாரு?"

"அண்ணன்."

"படி."

மகள் தயங்கித் தயங்கிப் படித்தாள். "'இன்னைக்குக் கதை ரொம்ப அருமைன்னு அம்மாகிட்ட சொல்லு. ரெண்டு தடவை கேட்டேன்.'"



அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாக் கதையும் எனக்கு மனப்பாடம். வாயாலயே சொல்றேன். எந்தக் கதை வேணும்?"

"முதல் கதையில இருந்தே சொல்லுங்க அண்ணி. எல்லாரும் கேட்டு முடிச்சுட்டாங்க. நான்தான் இன்னும் ஒண்ணுகூடக் கேக்கலை."