பதினோரு எழுத்து

குழந்தைப்பேறு சிகிச்சைக்காக வேலையை விட்ட அனுசுயா, சிகிச்சையும் பலிக்காமல் போனபின் மறுபடி வேலை தேடினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீரங்கத்து வீட்டில், இன்டர்வியூவுக்காக ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தாள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், ஓர் எழுத்துகூடத் திரும்ப வராத மிக நீண்ட பகுதியையும் அதன் நீளத்தையும் அது காட்ட வேண்டும். அந்தப் பகுதி ஜன்னல் மாதிரி வலப்பக்கம் விரிந்துகொண்டே போகும்; எழுத்து திரும்ப வந்தால் இடப்பக்கம் சுருங்கும். கொடுத்த சொற்களுக்கெல்லாம் சரியாகவே வந்தது.

கடைசியாகக் கணவர் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அடித்தாள். மொத்தம் எட்டு எழுத்து. விடை பதினொன்று என்று வந்தது. கீழே, ‘பீமராவ் அனுசுயா துளஜா’.

துளஜா, மகள் பிறந்தால் வைக்க இருவரும் பேசிவைத்திருந்த பெயர். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

“என்னங்க, இதுல நீங்க ஏதாவது அடிச்சீங்களா?”

“நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?” என்று எட்டிப் பார்த்த பீமராவ் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “இன்னொரு தடவை போடு.”

மறுபடியும் பதினொன்று.

அனுசுயாவுக்குப் பயமாக இல்லை. மனம் நிறைந்திருந்தது. “சாப்பிடலாங்களா?” என்றாள். பீமராவ் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். அவள் மூன்றிலும் ரசம் சாதம் பரிமாறினாள்.

சாப்பிட்டு எழுந்தபோது மூன்றாவது தட்டில் கறிவேப்பிலை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருந்தது.