திரும்ப வராது

திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து சட்டென்று நின்றது.

கண் மருத்துவமனையின் கூட்ட அறையில் எல்லோரும் திரையைப் பார்க்க, சித்தப்பா மட்டும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கை இருந்திருந்தால் அறைந்திருக்கும்.

நிற்கக் கூடாத இடம். சர்வரில் சேரும் குப்பையைப் பெருக்கித் தள்ளும் மென்பொருளைச் சித்தப்பா இன்று இங்கே விற்றாக வேண்டும். பெருக்குவது ஆள் இல்லை, ஏ.ஐ. ஏஜென்ட். வேலையைச் சொன்னால் போதும்; தனக்குக் கொடுத்திருக்கும் மென்பொருள் கருவிகளின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, வேண்டியதைத் தானே எடுத்துச் செய்யும். இந்த வியாபாரமும் படியாவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

அந்தக் குறிப்புகளை எழுதுகிறவள் அவள்.

அழிக்கும் கருவிக்கு முன்பு ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘தேவையற்றவற்றை அகற்றி இடத்தைச் சீராக்கும்.’ கேட்கவே குளுகுளுவென்று இருக்கும். அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதினாள்: ‘இந்தக் கருவி அழிக்கும். அழிந்தது திரும்ப வராது. நகல் எடுத்து வைக்காது. தொடுமுன், அந்த இடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார். இருந்தால் நில். மனிதரைக் கேள்.’

சித்தப்பா துணிக்கடையில் வளர்ந்தவர். காலையில் காரில் வரும்போது சொல்லுக்குச் சொல் பேரம் பேசினார்.

“ஏம்மா, விக்கிற சாமானுக்கு இப்படியா சாபம் விடுவே? ‘திரும்ப வராது’ங்கறதைக் கொஞ்சம் இறக்கிக்கோ. ‘வர்றது சிரமம்’னு போடு.”

“ஒரே விலை, சித்தப்பா. சிரமம்னு போட்டா, சிரமப்பட்டுப் பாத்துக்கலாம்னு அது நினைச்சுடும்.”

‘அழிக்கும்’ என்பதை ‘நீக்கும்’ ஆக்கக் கேட்டார், தரவில்லை. ‘நில்’லையாவது விட்டுக்கொடு என்றார், அதையும் தரவில்லை. கடைசியில், வாங்காமல் படியிறங்கும் வாடிக்கையாளர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த ‘நில்’தான் இப்போது எல்லார் முன்னாலும் நின்றுகொண்டிருந்தது.

இத்தனைக்கும் இது வெறும் டெமோ. நோயாளிகளின் கண் படங்களை நேற்றே இன்னொரு சர்வரில் நகல் எடுத்து, அதை இன்று தானே இணைத்தும் கொடுத்திருந்தார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். அந்த நகல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. துடைத்துக் காட்டினால் நிர்வாகி அம்மா கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான்.

“என்னங்க, உங்க மெஷினுக்குக் கூச்சமா?” என்றார் நிர்வாகி அம்மா.

சித்தப்பா சிரித்தார். வியாபாரிச் சிரிப்பு, பல் மட்டும் வேலை செய்தது.

திரையில் மெல்ல ஒரு கேள்வி வந்தது.

‘குறிப்பில் உள்ளபடி நிறுத்தியிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இங்கே ஒரு புதுப் படம் வந்து சேர்ந்தது. இது புழக்கத்தில் இருக்கும் இடம். அழித்தால் திரும்ப வராது. தொடரட்டுமா?’

கீழே இரண்டு பொத்தான்கள். ‘சரி’. ‘வேண்டாம்’.

சித்தப்பா படிக்கவில்லை. எதிர்க்கேள்வி கேட்கிற சரக்கை எவன் வாங்குவான் என்ற எரிச்சலில் அவர் விரல் ‘சரி’யை நோக்கிப் போனது.

அவள் படித்தாள். உலகத்தில் எழுதி வைத்ததையெல்லாம் படித்து முடித்த ஒன்று, அவள் எழுதிய நாலு வரிக்கு முன்னால், அடுத்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்கிறவர் மாதிரி நிற்கிறது.

பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. புதுப் படம்.

நேற்றே எடுத்து முடித்த நகலில் புதுப் படம் எப்படி வரும்?

பாய்ந்து சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

பொறுப்பாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சர்வரின் பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். அது நகல் இருந்த சர்வரின் பெயர் இல்லை. நாற்காலியைத் தேடிய அவர் கை காற்றைப் பிடித்தது.

சித்தப்பா விரலை இழுத்துக்கொண்டார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் இன்னொரு படம் வந்து விழுந்தது. செம்மஞ்சளாக ஒரு வட்டம், அதில் மரக்கிளைபோலப் பிரியும் நரம்புகள்.

கீழ்த்தளத்தில் யாரோ ஒருவர் கண்ணைப் படமெடுக்கும் கருவியில் முகவாயை ஊன்றி, இமைக்காதீர்கள் என்று சொன்னதற்காக, இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்.