கொழும்புக்குப் போன வயிறு

"டொக்டர், எம்புள்ள மோதிரத்த முழுங்கிட்டான்!"

பதுளை டவுனில் முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் குணமணி நுழைந்த வேகத்தில், தாதி ஒதுங்கி வழிவிட்டாள். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் குணமணியின் குரல் அடுத்த மலைக்கும் கேட்கும். இடுப்பில் இரண்டு வயது மகன் அனுஷன், வயிற்றில் அடுத்தது. பின்னால் ஓடி வந்தவள் மூத்த தம்பியின் மனைவி சுலோஜனா. அவளுடைய இரண்டு கைகளிலும் மருதாணி அப்பித் துணி சுற்றியிருந்தது.

"அழாதேங்கோ அம்மா. விழுங்கினதை ஆராவது கண்டனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர் மதுசூதனன். யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்குப் புதிது.

"கண்ணால வேற பாக்கணுமா? நாளைக்கு என் சின்னத் தம்பிக்கு நிச்சயதார்த்தம். பண்டாரவளப் பொண்ணுக்குப் போட வாங்கின மோதிரம். பொட்டி தெறந்து கெடக்கு, பக்கத்துல இவன் வாய மென்னுக்கிட்டு ஒக்காந்திருக்கான். வேற எங்க போயிருக்கும்?"

"புள்ள முழுங்கியிருக்க மாட்டான் அண்ணி," என்றாள் சுலோஜனா மெதுவாக. "வீட்டுலயே இன்னொருக்காத் தேடிப் பாத்திருக்கலாம்."

"நீ சும்மா இரு! லயத்து வீட்டுலருந்து இதையே சொல்லிக்கிட்டு வர்றா டொக்டர். ஒனக்கு ஒண்ணு பொறக்கட்டும், அப்பத் தெரியும்."

நாத்தனார் இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்குப் பேச முறை வருவது அபூர்வம்.

"எக்ஸ்ரே எடுப்பம். பிள்ளையை அசையாமல் ஆராவது பிடிக்கவேணும். நீங்கள் கர்ப்பிணி, உள்ள வரேலாது," என்றார் டொக்டர்.

"இவ பிடிப்பா."

"நானா அண்ணி?"

"பின்ன, மெஷினா பிடிக்கும்? போடி உள்ள!"

அனுஷன் உள்ளே போட்ட ஆட்டத்தில் சுலோஜனாவுக்கு வியர்த்துவிட்டது. ஒரு கையால் தோளையும் மறு கையால் வயிற்றையும் அமுக்கிப் பிடித்தாள். அப்படியும் படம் கலங்கலாகத்தான் வந்தது. ஆனால் நடுவில் ஒரு வளையம் பளிச்சென்று தெரிந்தது.

"ஓம், மோதிரம் இருக்குது," என்றார் டொக்டர்.

"ஐயோ, முருகா!" என்று குணமணி தலையில் கைவைத்தாள்.

"இருக்காது டொக்டர்!" என்று சுலோஜனா கத்தினாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது குணமணிக்கே அன்றுதான் தெரிந்தது.

"வடிவாத் தெரியுதே தங்கச்சி. உணவுக் குழாயில சிக்கியிருந்தால் கண்டிக்குத்தான் அனுப்பவேணும். அங்க மயக்கிப்போட்டு எடுப்பினம்."

குணமணி மகனை இறுக அணைத்துக்கொண்டாள். "நிச்சயதார்த்தமும் வேணாம், மோதிரமும் வேணாம். எம்புள்ள பொழச்சாப் போதும்."

சுலோஜனாவின் முகம் வெளுத்துவிட்டது. "டொக்டர், ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், புள்ளைய மயக்க வேணாம். பெரிய டொக்டர் யார்கிட்டயாவது அந்தப் படத்த ஒருக்காக் காட்டுங்க."

டொக்டர் யோசித்தார். "அதுவும் சரிதான். கொழும்பில எக்ஸ்ரே ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார். அனுப்பினால் உடன பாத்துச் சொல்லுவார்."

"கொழும்புக்கா? ரயில்லயா?"

"இல்லையம்மா, இதிலதான்." கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார்.

"எம்புள்ள வயிறு எனக்கு முன்னாடி கொழும்பு பாக்கப் போகுது!" அந்த அழுகையிலும் குணமணிக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

படம் போய்விட்டது. சுலோஜனா சுவரோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு கதிர்காம முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் குணமணிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், தன் பிள்ளைக்காக இந்தப் பெண் இப்படி உருகுகிறாளே!

"பதட்டத்துல பேசிட்டேன்டி, மனசுல வச்சுக்காத," என்று அவள் தோளைத் தொட்டாள். சுலோஜனா விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

"அண்ணி... நான் வந்து..."

தொலைபேசி அடித்தது. டொக்டர் பாய்ந்து எடுத்தார். கேட்டார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். காதுவரை சிவந்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்.

"பிள்ளையின்ர வயித்துக்குள்ள ஒண்டுமில்லை அம்மா! வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்."

குணமணி அனுஷனை முத்தமிட்டாள். தாதியை முத்தமிட்டாள். சுலோஜனாவையும் இழுத்து வைத்து முத்தமிட்டாள். "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்டி! மோதிரம் போனாப் போகுது. எடுத்தவங்க மகராசியா இருக்கட்டும்!"

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அப்ப படத்துல தெரிஞ்சது மோதிரம் இல்லீங்களா டொக்டர்?"

"மோதிரமேதான். ஆனால் அது வயித்துக்கு உள்ள இல்லை, மேலயாம், அதுக்குள்ள ஒரு விரல் எலும்பும் தெரியுதாம்," என்ற டொக்டர் சுலோஜனாவின் துணி சுற்றிய கைகளின் பக்கம் திரும்பினார். "போட்டுப் பாத்தனீங்கள், கழட்டேலாமல் போச்சு, அவ்வளவுதானே தங்கச்சி? சவர்க்கார நுரை தடவுங்கோ, வழுக்கிக்கொண்டு வரும்."