யார் விட்ட தண்ணீர்?

ஷெட்டில் ஒரு கார் நின்றது. அதன் ஆயில் மூடிக்கு அடியில் தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது.

"இங்க தண்ணி வச்சிருக்கிறது நீ ஒருத்தன்தான்," என்று ரேடியேட்டரிடம் சொன்னது மூடி. "நாளைக்கு உன்னைக் கழட்டப் போறாங்க."

"என் தண்ணி சொட்டுக்கூடக் குறையலையே! என்ஜின் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

என்ஜின் கனைத்துக்கொண்டது. "அது என் வேர்வைதான் தம்பி. ஐயா தினமும் காலைல வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு, சூடேறுறதுக்குள்ள அணைச்சிட்டுப் போயிடுறாரு. நல்லா ஓடினாத்தானே வேர்வை காயும்?"

"அதை அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணே!"

"சொன்னா தினமும் வந்து பாக்கமாட்டாரே," என்றது என்ஜின்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என்ஜின் வருத்தம் தெரிவித்தது.